நீரழுத்தம்: முதலில் யார் வீட்டில் குறைப்பது?

புது தில்லி: கோடை வந்தால் தலைநகரில் இரண்டு அறிவிப்புகள் தவறாமல் வெளிவரும். யமுனையில் நீர்வரத்து குறைந்துவிட்டதால் இன்னின்ன பகுதிகளில் குடிநீர் குறைந்த அழுத்தத்தில் வழங்கப்படும் என்பது ஒன்று. குடிநீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துமாறு பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்பது மற்றொன்று. முதல் அறிவிப்பால் யார் பாதிக்கப்படுகிறார்கள், இரண்டாவது அறிவிப்பு யாருக்குச் சொல்லப்பட வேண்டியது என்பதில்தான் தில்லியின் குடிநீர் அரசியல் அடங்கியிருக்கிறது.

குழாய்களில் அழுத்தம் குறைக்கப்படும்போது நீரேற்று நிலையத்துக்கு அருகிலும் தாழ்வான இடங்களிலும் உள்ள குடியிருப்புகளுக்கு நீர் வந்துகொண்டுதான் இருக்கும். கடைக்கோடியில் இருப்பவர்களுக்கும் மேட்டுப் பகுதியில் இருப்பவர்களுக்கும்தான் அது நின்றுபோகும். அவர்கள் டேங்கர் லாரியை எதிர்நோக்கிக் காலிக் குடங்களுடன் வரிசையில் நிற்க வேண்டும். ஆக, தொழில்நுட்ப விவகாரம்போல் இரண்டு வரியில் அறிவிக்கப்படுவது உண்மையில் யாருக்குக் குறைத்துக் கொடுப்பது என்ற முடிவே.

ஆயினும், வீடுகளுக்குச் செல்லும் நீரின் அழுத்தத்தை முறைப்படுத்துவது என்ற யோசனையைத் தவறென்று ஒதுக்கிவிட முடியாது. புதிய அணை கட்டாமல், அண்டை மாநிலத்துடன் வழக்காடாமல் நீரைச் சேமிப்பதற்குள்ள செலவு குறைந்த வழிகளில் அதுவும் ஒன்று. அதை எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் செய்வது என்பதே கேள்வி.

2024 கோடையில் நடந்தது

2024 மே மாத இறுதியில் தில்லியில் வெப்பம் உச்சத்தை எட்டியபோது, குழாய்நீரில் கார் கழுவினாலோ, மேல்நிலைத் தொட்டியை நிரம்பி வழிய விட்டாலோ ரூ.2,000 அபராதம் என்று அன்றைய ஆம் ஆத்மி அரசு அறிவித்தது. கண்காணிக்க 200 குழுக்கள் அமைக்கப்பட்டன. அதே வேகத்தில் ஹரியாணா, ஹிமாசலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிடமிருந்து கூடுதல் நீர் கோரி உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. டேங்கர் லாரி கும்பல்களைத் தடுக்கவும் நீர் விரயத்தைக் குறைக்கவும் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று நீதிபதிகள் திருப்பிக் கேட்டனர். உபரி நீர் இருப்பதாக முதலில் கூறியிருந்த ஹிமாசலப் பிரதேச அரசு அந்த வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றது. மேல் யமுனை நதி வாரியத்தை அணுகுமாறு கூறி நீதிமன்றம் விவகாரத்தை முடித்தது. அன்றைய குடிநீர்த் துறை அமைச்சர் அதிஷி ஜூன் 21-இல் காலவரையற்ற உண்ணாவிரதத்தைத் தொடங்கி, உடல்நிலை மோசமடைந்ததால் சில நாள்களில் முடித்துக்கொண்டார்.

தில்லி குடிநீர் வாரியம் அப்போது நாளொன்றுக்கு விநியோகித்த நீர் ஏறத்தாழ 100 கோடி கேலன். தேவை அதைவிட 25 கோடி கேலனுக்கு மேல் அதிகம் என்பது அரசின் மதிப்பீடு. ஆனால், விநியோகிக்கப்படும் நீரில் ஏறத்தாழ பாதி கணக்கில் வராமல் போகிறது என்பதும் அரசு ஒப்புக்கொண்ட செய்திதான். மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008-இல் வகுத்த சேவைத் தர அளவுகோல்கள் இந்த இழப்பை 20 சதவீதத்துக்குள் நிறுத்தச் சொல்கின்றன. கணக்கில் வராத நீர் எல்லாமே மண்ணுக்குள் போய்விடுவதில்லை. திருட்டு இணைப்பு, பழுதான மீட்டர், கட்டணமின்றி வழங்கப்படும் நீர் ஆகியனவும் அதில் அடக்கம். அவற்றையெல்லாம் கழித்துவிட்டாலும் எஞ்சும் கசிவு சிறிதன்று.

கசிவுக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவு

10 மீட்டர் உயரத்தில் உள்ள நீர், அடியில் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவுக்கு அழுத்தம் தரும். குழாயில் உள்ள அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால், திறந்துவிட்ட குழாயிலிருந்து வெளியேறும் நீரின் அளவு பாதியாகிவிடாது. சுமார் 30 சதவீதம் குறையும். விரிசல் கண்ட பழைய குழாயிலோ கணக்கு வேறு. அழுத்தம் கூடும்போது விரிசலும் சேர்ந்து விரிகிறது. எனவே அழுத்தம் பாதியானால் கசிவும் பாதியை ஒட்டிக் குறைகிறது. பிளாஸ்டிக் குழாய்களில் நீளவாக்கில் கீறல் விழுந்திருந்தால் அதைவிடவும் அதிகமாகக் குறையலாம்.

நள்ளிரவு நிலைமையை எண்ணிப் பார்க்க வேண்டும். இடைவிடாமல் நீர் வழங்கப்படும் ஊர்களில் யாரும் குழாயைத் திறக்காத அந்த நேரத்தில்தான் குழாய்களுக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். கசிவும் அப்போதுதான் அதிகம். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரை ஒட்டிய கயெலிட்சா என்ற ஏழைக் குடியிருப்பில் 2001-இல் செய்யப்பட்டது இதற்கு நல்ல உதாரணம். வீடுகளுக்குள் இருந்த தரமற்ற குழாய்களும் கழிப்பறைத் தொட்டிகளும் இரவு முழுக்க ஒழுகிக்கொண்டிருந்தன. வீடு வீடாகப் பழுதுபார்க்க முனைவதற்கு முன், அப்பகுதிக்குள் நுழையும் பிரதான குழாய்களிலேயே அழுத்தக் குறைப்பு வால்வுகளைப் பொருத்தி, இரவில் அழுத்தத்தை மேலும் தாழ்த்தினார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 90 லட்சம் கன மீட்டர் நீர் மிச்சமானது. அதாவது நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை கோடி லிட்டர். 2018-இல் கேப்டவுன் நகரமே வறண்டுபோகும் நிலைக்கு வந்தபோது, அதைத் தாண்டி வர உதவிய நடவடிக்கைகளில் இந்த அழுத்தக் கட்டுப்பாட்டுக்கும் முக்கியப் பங்கு உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது, ஒரு பகுதிக்குள் நுழையும் இடத்தில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தினார்களே தவிர, அப்பகுதி மக்களின் நீரை நிறுத்தவில்லை என்பதாகும். நாள் முழுவதும் அவர்களுக்கு நீர் கிடைத்துக்கொண்டே இருந்தது.

வீட்டுக்குள் எவ்வளவு மிச்சமாகும்?

வீட்டுக்குள் அழுத்தத்தைக் குறைப்பதால் எல்லாவகை நீர்ப் பயன்பாடும் குறையும் என்று நினைப்பது தவறு. வாளியில் நீர் பிடித்துக் குளிப்பவருக்கு வாளி நிரம்பச் சற்று அதிக நேரம் ஆகும். செலவாகும் நீர் அதேதான். துணி துவைக்கும் இயந்திரமும், கழிப்பறைத் தொட்டியும் தமக்கு வேண்டிய அளவை எடுத்துக்கொண்டே தீரும். கை கழுவுவது, ஓடும் குழாயில் பாத்திரம் கழுவுவது, பூவாளிக் குழாயில் குளிப்பது, ரப்பர் குழாய் பிடித்துத் தோட்டத்துக்கோ காருக்கோ தண்ணீர் அடிப்பது என நேரத்தைக் கொண்டு நடக்கும் வேலைகளில் மட்டுமே அழுத்தக் குறைப்பு நேரடியாக மிச்சம் தரும். சுருங்கச் சொன்னால், வாளியும் குவளையுமாக வாழும் வீட்டில் மிச்சப்படுத்த அதிகம் இல்லை. பூவாளிக் குழாயும் புல்வெளியும் உள்ள வீட்டில் நிறைய இருக்கிறது.

கட்டடத்தின் உயரமும் முக்கியம். மூன்று மாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் தொட்டி இருந்தால், மேல் மாடிக்கு இரண்டு மூன்று மீட்டர் உயர அழுத்தம்தான் கிடைக்கும். தரைத் தளத்துக்கோ 10 மீட்டருக்கு மேல். மேல் மாடிக்காரர் அழுத்தம் கூட்டும் பம்பு வாங்குவது இதனால்தான். குருகிராமிலும் நொய்டாவிலும் எழும்பியுள்ள 20 மாடிக் கட்டடங்களில் இது தலைகீழான பிரச்னை. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து ஒரே குழாயாக இறக்கினால் கீழ்த் தளங்களில் ஆறு வளிமண்டல அளவு அழுத்தம் சேரும். குழாயைத் திருகினால் சீறும். இணைப்புகள் விரைவில் பழுதாகும். ஆகவே, சில தளங்களுக்கு ஒன்றாக அழுத்தக் குறைப்பு வால்வு பொருத்துவது வழக்கம். பொருத்தியதோடு சரி, பின்னர் அவை வேலை செய்கின்றனவா என்று பார்க்க யாருக்கும் பொறுப்பில்லை.

பெங்களூரின் உத்தரவு

இந்தியாவில் குழாய் முனை வரை வந்து உத்தரவிட்ட நகரம் பெங்களூர். 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி நகரம் தவித்தபோது, வணிக நிறுவனங்கள், தொழிற்சாலைகள், உணவகங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொதுப் பகுதிகள் ஆகியவற்றில் குழாய் முனைகளில் ஏரேட்டர் எனப்படும் காற்றுக் கலப்பான் பொருத்துவதை அந்நகரக் குடிநீர் வாரியம் கட்டாயமாக்கியது. நீருடன் காற்றைக் கலந்து, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு கருவி இது. சாதாரணக் குழாயில் நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல் கொட்டும் நீர், இதைப் பொருத்தினால் பாதிக்கும் கீழே இறங்கும். கை நனைவதில் வேறுபாடு தெரியாது. விலையும் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவைத் தாண்டாது. தனி வீடுகளுக்கு இது கட்டாயமாக்கப்படவில்லை, வேண்டுகோளாக விடப்பட்டது. அந்த வரிசை சரியானது என்றே சொல்ல வேண்டும். நிறைய செலவழிப்பவரிடமிருந்து தொடங்கியது அந்த உத்தரவு.

தமிழக வாசகர்களுக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. பெங்களூர் குடிப்பது காவிரி நீர். சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றப்படும் நீர் அது. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் தமிழகத்தின் பங்கு 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைக்கப்பட்டது. அப்படிக் குறைக்கப்பட்ட 14.75 டிஎம்சியில் 4.75 டிஎம்சி பெங்களூர் நகரின் குடிநீர்த் தேவைக்கென்றே கர்நாடகத்துக்கு ஒதுக்கப்பட்டது. 2024 அக்டோபரில் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவரும் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டமும் தொடங்கிவைக்கப்பட்டது. அந்நகரின் குழாய்களில் எவ்வளவு ஒழுகுகிறது என்பதைக் கேட்கும் உரிமை டெல்டா விவசாயிக்கும் உண்டு.

மோட்டார் யுத்தம்

தில்லியில் பெரும்பாலான பகுதிகளுக்குக் காலையில் ஓரிரு மணி நேரமும் மாலையில் ஓரிரு மணி நேரமும்தான் குழாயில் நீர் வரும். வந்த சில நிமிடங்களில் தெருவெங்கும் மோட்டார்கள் உறுமத் தொடங்கும். பிரதான குழாயிலிருந்து நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது தடை செய்யப்பட்டது. எனினும், பக்கத்து வீட்டுக்காரர் உறிஞ்சும்போது தாம் மட்டும் விதியை மதித்தால் குடத்தில் நீர் விழாது என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும்.

இதன் விளைவு நீர் கிடைக்காததோடு நிற்பதில்லை. உறிஞ்சும்போது குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகிறது. அருகில் ஓடும் சாக்கடையின் கழிவு விரிசல்கள் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. நீர் நிறுத்தப்பட்ட மணி நேரங்களிலும் இதுவே நடக்கும். கர்நாடகத்தின் ஹுப்பள்ளி-தார்வாட் நகரில் செய்யப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. இடைவிட்டு நீர் வழங்கப்பட்ட பகுதிகளில் வீட்டுக் குழாய்களில் எடுத்த மாதிரிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் மலக்கழிவின் அடையாளமான இ-கோலி கிருமி இருந்தது. அதே நகரில் 24 மணி நேரமும் அழுத்தத்துடன் நீர் வழங்கப்பட்ட பகுதிகளில் அது 100-க்கு ஒன்றுக்கும் குறைவு. நீர் வந்த மூலம் ஒன்றுதான். குழாயில் அழுத்தம் தொடர்ந்து இருந்ததா, இல்லையா என்பதே வேறுபாடு.

அப்படியானால் அழுத்தத்தைக் குறைக்கச் சொல்வதா, கூட்டச் சொல்வதா என்று வாசகர் கேட்கலாம். இரண்டும்தான். எல்லை மீறிய அழுத்தத்தைக் குறைப்பதும், குறைந்தபட்ச அழுத்தத்தை எல்லோருக்கும் எந்நேரமும் உறுதிசெய்வதும் ஒரே பணியின் இரு பக்கங்கள். மத்திய அரசின் பொது சுகாதாரப் பொறியியல் அமைப்பு 1999-இல் வெளியிட்ட கையேட்டிலேயே, ஒரு தளக் கட்டடப் பகுதிக்கு 7 மீட்டர், இரு தளத்துக்கு 12 மீட்டர், மூன்று தளத்துக்கு 17 மீட்டர் அழுத்தம் இருக்க வேண்டும். சாதாரணமாக 22 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று வரையறுக்கப்பட்டது. அதற்கு மேல் உயரம் வேண்டுவோர் தம் செலவில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கால் நூற்றாண்டு கடந்தும் தில்லியின் பெரும்பகுதியில் 7 மீட்டரே கிடைத்ததில்லை.

கைவிடப்பட்ட முயற்சிகள்

முயற்சி எதுவும் நடக்கவில்லை என்று கூற முடியாது. ஷீலா தீட்சித் ஆட்சியில், உலக வங்கிக் கடனுதவியுடன் தெற்கு தில்லியின் இரு மண்டலங்களில் 24 மணி நேர விநியோகம் தொடங்கத் திட்டமிடப்பட்டது. ஆலோசனை நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததில் உலக வங்கி தலையிட்டதாகத் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் ஆவணங்களைப் பெற்று அம்பலப்படுத்தியது, அரவிந்த் கேஜரிவால் நடத்திய பரிவர்த்தன் அமைப்பு. 2005 இறுதியில் அரசு கடன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. பின்னர் மாளவியா நகர், வசந்த் விஹார், நாங்லோய் ஆகிய இடங்களில் தனியார் பங்கேற்புடன் முன்னோடித் திட்டங்கள் தொடங்கின. சில குடியிருப்புகளில் நாள் முழுதும் நீர் வந்தது. நகரம் முழுவதற்கும் அது பரவவில்லை.

2005-இல் எழுந்த எதிர்ப்பு நியாயமற்றதல்ல. கட்டணம் எகிறும், ஏழைகள் கைவிடப்படுவார்கள் என்ற அச்சத்துக்கு அன்றைய திட்டத்தில் பதில் இல்லை. ஆனால், திட்டத்தோடு சேர்த்து, நகரைச் சிறு மண்டலங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் நுழைவாயிலிலும் மீட்டரும் வால்வும் வைக்கும் அடிப்படைப் பணியும் ஒதுக்கப்பட்டது. அதற்குத் தனியாரும் தேவையில்லை, உலக வங்கியும் தேவையில்லை என்பதை ஒடிசா காட்டியது. புரி நகரில் 2021 ஜூலையில், குழாயிலிருந்தே நேரடியாகக் குடிக்கத்தக்க நீரை 24 மணி நேரமும் வழங்கும் திட்டத்தை மாநில அரசே நிறைவேற்றியது. குடிசைப் பகுதிகளுக்கும் மீட்டருடன் இணைப்பு தரப்பட்டது. மீட்டர் கணக்கெடுக்கவும், நீரின் தரத்தைச் சோதிக்கவும் மகளிர் குழுக்களைச் சேர்ந்தவர்கள் அமர்த்தப்பட்டனர். புரி சிறு நகரம், தில்லியுடன் ஒப்பிட முடியாது என்பார்கள். மண்டலம் மண்டலமாகச் செய்தால் எந்தப் பெருநகரமும் பல சிறு நகரங்களின் தொகுப்புதான்.

இலவச நீரும் சிக்கனமும்

2015 மார்ச் முதல் தில்லியில் மீட்டர் உள்ள வீடுகளுக்கு மாதம் 20 ஆயிரம் லிட்டர் வரை கட்டணமில்லை என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. இது விரயத்துக்கு வழிவகுக்கிறது என்று கூறுவோர் ஒரு கணக்கைக் கவனிப்பதில்லை. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு இது தலைக்கு நாளொன்றுக்கு 133 லிட்டர். நகரங்களுக்கு மத்திய அரசு வகுத்த அளவு 135 லிட்டர். வரம்பைத் தாண்டினால் முழு அளவுக்கும் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது இத்திட்டத்தின் நிபந்தனை. இதுவே சிக்கனத்துக்கு வலுவான தூண்டுகோல். குழாய் முனையில் சிறு கருவி பொருத்தி மாதம் ஓராயிரம் லிட்டர் குறைத்தாலே, வரம்பின் விளிம்பில் உள்ள குடும்பத்தின் கட்டணம் முற்றாக நீங்கும். ஆனால், மீட்டர் ஓட வேண்டும். குழாயில் காற்றுக்குப் பதில் நீர் வர வேண்டும்.

இந்த வாதம் எதுவும் பொருந்தாத தில்லி ஒன்று உண்டு. குழாய் இணைப்பு இல்லாமல் டேங்கரை நம்பியிருந்த, நகரின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மக்களுக்குத் தலைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 3.82 லிட்டர் நீரே கிடைத்ததாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை 2013-இல் சுட்டிக்காட்டியது. அதன் பின் அங்கீகாரமற்ற குடியிருப்புகள் பலவற்றுக்குக் குழாய் பதிக்கப்பட்டது உண்மை. குழாய் போன இடமெல்லாம் நீர் போகவில்லை என்பதும் உண்மை. சங்கம் விஹார் போன்ற பகுதிகளில் கோடைதோறும் டேங்கரைச் சூழ்ந்து நடக்கும் கைகலப்புகளே அதற்குச் சாட்சி. அங்கே போய் அழுத்தத்தைக் குறைத்துச் சேமியுங்கள் என்பது பட்டினி கிடப்பவரிடம் உணவுக் கட்டுப்பாட்டைப் போதிப்பது போன்றது.

தில்லியில் செய்யத்தக்கவை தெளிவாகவே உள்ளன. மண்டல நுழைவாயில்களில் அளவீடும் அழுத்தக் கட்டுப்பாடும் முதலில் வர வேண்டும். நட்சத்திர விடுதிகள், அரசு அலுவலகங்கள், புல்வெளி பங்களாக்கள், உயர்ந்த அடுக்குமாடிகள் ஆகியவற்றில் குழாய்முனைக் கருவிகளையும் அழுத்தக் குறைப்பு வால்வுகளையும் கட்டாயமாக்கிச் சோதிப்பது அடுத்து. குறைந்த நீரில் இயங்கும் குழாய்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2021-இல் தரநிலை வெளியிட்டிருக்கிறது. புதிய கட்டட அனுமதியுடன் அதை இணைக்க ஒரு சுற்றறிக்கை போதும். முதல் பணி அரசியல்ரீதியாகக் கடினமானது. இன்று அதிக அழுத்தம் பெறும் பகுதிகளில்தான் அதிகாரிகளும் அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் குடியிருக்கிறார்கள். வால்வைத் திருக வேண்டிய பொறியாளருக்கு எந்தத் தொலைபேசி அழைப்பு வரும் என்பதை ஊகிக்கலாம்.

காலமும் அதிகமில்லை. தில்லி, ஹரியாணா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், ஹிமாசலப் பிரதேசம் ஆகியவை 1994 மே மாதம் செய்துகொண்ட யமுனை நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தத்தை, 2025-க்குப் பிறகு ஏதேனும் ஒரு மாநிலம் கோரினால் மறுஆய்வு செய்யலாம் என்று அந்த ஒப்பந்தத்திலேயே கூறப்பட்டுள்ளது. அதன்படி ஆண்டுக்குச் சுமார் 1,198 கோடி கன மீட்டர் நீரில் தில்லியின் பங்கு 72.4 கோடி கன மீட்டர் மட்டுமே. அதை உயர்த்தக் கோருவதற்குத் தலைநகருக்கு மக்கள்தொகை என்ற வலுவான காரணம் இருக்கிறது. 2025 பிப்ரவரித் தேர்தலுக்குப் பின் தில்லியிலும் ஹரியாணாவிலும் ஒரே கட்சி ஆட்சியில் இருப்பதால் பேச்சுவார்த்தை சுமுகமாகும் என்று எதிர்பார்ப்போர் உண்டு. கட்சி எதுவாயினும், ஹரியாணாவின் பொறியாளர்கள் பேச்சுவார்த்தை மேஜைக்குத் தில்லியின் கசிவுக் கணக்கை எடுத்துக்கொண்டுதான் வருவார்கள்.